நாணய அடுக்கும் பட்டை விளக்கப்படமும்: தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பணக்கணக்கைச் சொல்லித்தருவது எப்படி?

ஒரு வணிகர் நாள்தோறும் மாலையில், அன்று கைக்கு வந்த பொற்காசுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைக்கிறார் என்று கொள்வோம். ஒவ்வொரு நாளுக்கும் ஓர் அடுக்கு. அடுக்கின் உயரமே அன்றைய வரவு. ஒரு மாதம் கழித்து அந்த அடுக்குகளை வரிசையாகப் பார்க்கிறவருக்கு, எந்த நாளில் வரவு கூடியது, எந்த நாளில் குறைந்தது என்று எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த வில்லியம் பிளேஃபேர், தாம் வரைந்த புதுமையான படங்களை வாசகர்களுக்குப் புரியவைக்க எடுத்துக்கொண்ட உவமை இது. வணிகப் புள்ளிவிவரங்களைக் கோடுகளாகவும் பட்டைகளாகவும் காட்டி அவர் 1786இல் வெளியிட்ட நூலே, இன்று நாம் அறிந்திருக்கும் கோட்டு வரைபடத்துக்கும் பட்டை விளக்கப்படத்துக்கும் வழி திறந்தது.

ஆக, வரைபடம் என்பது பிறந்த காலத்திலேயே பணத்தோடு ஒட்டிப் பிறந்தது. பாடத்திட்டங்களில்தான் இரண்டும் பிரிந்து கிடக்கின்றன. பணம் என்பது கூட்டல் கழித்தல் கணக்குகளுக்குள் ஒரு பெயராக வந்துபோகிறது. விளக்கப்படம் என்பது வகுப்பில் யாருக்கு எந்த நிறம் பிடிக்கும் என்ற கேள்வியோடு நின்றுவிடுகிறது. நிறக் கணக்கில் தவறொன்றும் இல்லை, ஆனால் நீலம் பிடித்தவர்கள் 9 பேர் என்று தெரிந்த பிறகு அந்தப் பிள்ளை செய்வதற்கு எதுவுமில்லை. தன் உண்டியலில் சென்ற வாரத்தைவிட இந்த வாரம் ஏன் குறைவாக விழுந்தது என்ற கேள்வி அப்படிப்பட்டதன்று. அதற்கான விடை படத்திலிருந்து தொடங்கித் தன் நடவடிக்கையில் போய் முடிகிறது. ஆறு வயது முதல் பத்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு இவ்விரண்டையும் ஒரே பாடமாகச் சொல்லித்தர இயலும் என்பதும், அப்படிச் சொல்லித்தருவதே எளிது என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

முதலில் பணத்தைப் பற்றிப் பெரியவர்கள் மறந்துபோன ஒன்றை நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். சிறு பிள்ளைகளுக்கு நாணயத்தின் மதிப்பு கண்ணுக்குத் தெரியாது, எண்ணிக்கைதான் தெரியும். ஐந்து சிறு நாணயங்களையும் அவற்றுக்கு ஈடான ஒரு பெரிய நாணயத்தையும் காட்டி எது அதிகம் என்று கேட்டால், ஐந்து என்று சொல்லும் பிள்ளையைத் திருத்த அவசரப்பட வேண்டியதில்லை. சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே, இரண்டு வரிசைகளில் சம எண்ணிக்கையில் வில்லைகளை வைத்து, ஒரு வரிசையை மட்டும் இடைவெளி விட்டு நீட்டிக் காட்டியபோது, ஏறத்தாழ ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பலர் நீண்ட வரிசையிலேயே அதிகம் இருப்பதாகச் சொன்னார்கள். எண்ணிக்கையே தோற்றத்துக்கு அடங்கிவிடும் வயதில், ஓர் உலோகத் துண்டு ஐந்து துண்டுகளுக்குச் சமம் என்பது எளிதில் பிடிபடாத செய்தி. ஆகவே தொடக்கத்தில் ஒரே மதிப்புள்ள நாணயங்களையோ, அவற்றுக்குப் பதிலாக ஒரே அளவுள்ள பொத்தான்களையோ கொண்டு பழக்குவது நல்லது. சில்லறை மாற்றும் விளையாட்டு அதன்பின் வரட்டும். கட்டை ஒன்றுக்கு ஒரு நாணயம் என்று அடுக்கிப் பழகிய பிள்ளைக்கு, பெரிய நாணயம் என்பது ஐந்து கட்டைகளை ஒட்டிச் செய்த நெடிய கட்டை என்று காட்டிவிட்டால், மதிப்பு என்பது உயரமாகக் கண்முன் வந்துவிடும்.

சொற்கள் நான்கு போதும்: வரவு, செலவு, சேமிப்பு, இருப்பு. கைக்கு வந்தது வரவு. கையை விட்டுப் போனது செலவு. வரவில் செலவு போக எடுத்துவைத்தது சேமிப்பு. இந்த நொடியில் உண்டியலைத் திறந்தால் உள்ளே இருப்பது இருப்பு. இவற்றோடு தேவை, விருப்பம் என்ற பிரிவினையையும் பல பாடங்கள் சேர்த்துக் கற்பிக்கின்றன. படங்களைக் கொடுத்து இரண்டு பெட்டிகளில் போடச் சொல்கின்றன. அந்தப் பயிற்சி இருக்கட்டும், ஆனால் அது உண்மையைவிடச் சற்று ஒழுங்காக இருக்கிறது. காலணி தேவை, காலில் ஒன்று நன்றாக இருக்கும்போது வாங்கும் இரண்டாவது காலணி என்ன என்று கேட்டால்தான் பிள்ளைகள் யோசிக்கத் தொடங்குவார்கள். பொருளைப் பெட்டியில் போடுவதைவிட, எந்த நேரத்தில், யாருக்கு, எத்தனையாவது என்று கேட்பது பயன் தரும்.

அடுத்தது குறிப்பேடு. வாரத்துக்கு ஒரு பக்கம், பக்கத்துக்கு மூன்று நிரல்கள்: வந்தது, போனது, மிஞ்சியது. எழுத முடியாத சிறு பிள்ளைகள் நேர்க்கோட்டுக் குறிகளைப் போடலாம். நான்கு கோடுகள் நின்றபின் ஐந்தாவதைக் குறுக்கே இழுப்பது அவர்களுக்குப் பிடித்தமான வேலை. உண்மையான கைப்பணம் இல்லாத பிள்ளைகளும் வகுப்பில் இருப்பார்கள் என்பதை ஆசிரியர் முன்கூட்டியே எண்ணிப் பார்க்க வேண்டும். ஆகவே வகுப்பறையில் எல்லாருக்கும் ஒரே எண்ணிக்கையில் வில்லைகளைக் கொடுத்து, புத்தகம் இரவல் வாங்க, விளையாட்டுப் பொருள் எடுக்க என்று அவற்றைச் செலவிடச் செய்வதே முறை. பிள்ளைகளின் வீட்டு வருமானத்தையோ செலவையோ வகுப்பில் கேட்டு வரைபடமாக்குவது எந்தக் காரணத்தாலும் வேண்டாம். படம் என்பது ஒப்பிடுவதற்கான கருவி. ஒப்பிடக் கூடாதவற்றை அதில் ஏற்றினால் பாதிக்கப்படுவது பிள்ளை.

குறிப்பேட்டிலிருந்து படத்துக்கு வரும்போது முதலில் வருவது பட விளக்கப்படம். ஒரு நாணயத்துக்கு ஒரு வட்டம் என்று வரைவதில் சிக்கல் எதுவும் இல்லை. எண்ணிக்கை கூடும்போது இடம் போதாமல் போகும். அப்போதுதான் ‘ஒரு வட்டம் 2 நாணயங்களைக் குறிக்கும்’ என்ற அளவுத்திட்டம் தேவைப்படுகிறது. அந்தத் தேவையைப் பிள்ளைகளே உணரும் வரை காத்திருப்பது நல்லது. தாள் தீர்ந்துபோய்த் தவிக்கும் பிள்ளைக்கு அளவுத்திட்டம் ஓர் உதவியாகத் தோன்றும். முதலிலேயே விதியாகச் சொல்லப்பட்ட பிள்ளைக்கோ அது மனப்பாடச் சுமை. 7 நாணயங்களைக் காட்ட மூன்றரை வட்டம் வரைய வேண்டியிருப்பதால், பின்னம் என்ற சொல்லை உச்சரிக்காமலேயே அரை என்ற கருத்தும் உள்ளே நுழைந்துவிடும்.

இங்கே ஒரு பிழை மிகப் பரவலாக நடக்கிறது. இரு மடங்கு சேமிப்பைக் காட்ட, பிள்ளைகள் உண்டியல் படத்தை இரு மடங்கு உயரமாக வரைவார்கள். அகலத்தையும் இரு மடங்காக்காவிட்டால் படம் கோணலாக இருக்கும் என்பதால் அதையும் செய்வார்கள். விளைவாகப் படம் தாளில் நான்கு மடங்கு இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பார்க்கிறவர் கண் நான்கு மடங்கு என்றே எண்ணும். பெரியவர்கள் தயாரிக்கும் விளம்பரங்களிலும் இதே தவறு காணப்படுவதால் பிள்ளைகளைக் குறை சொல்வதற்கில்லை. 1925இல் வியன்னாவில் சமூக, பொருளாதார அருங்காட்சியகம் ஒன்றைத் தொடங்கிய ஓட்டோ நியூராத், எழுத்து வாசிப்பில் தேர்ச்சி இல்லாதவர்களும் புள்ளிவிவரங்களைப் புரிந்துகொள்ள வேண்டும் என்று படக்குறி முறை ஒன்றை உருவாக்கினார். அதன் தலையாய விதி ஒன்றே: அளவு கூடினால் குறியைப் பெரிதாக்காதே, குறிகளின் எண்ணிக்கையைக் கூட்டு. ஏழு வயதுப் பிள்ளைக்கும் அந்த விதி அப்படியே பொருந்தும்.

வட்டங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சுற்றிலும் கோடு போட்டால் பட்டை கிடைத்துவிடும். இதைச் சொல்லித் தருவதைவிட, உண்மையான கட்டைகளை அடுக்கி, அடுக்குக்குப் பின்னால் தாளை வைத்துப் பென்சிலால் ஓரம் இழுக்கச் சொல்வது மேல். கட்டைகளை எடுத்தபின் தாளில் நிற்கும் கோட்டுருவம்தான் பட்டை விளக்கப்படம். பக்கத்தில் எண்களை எழுதினால் அது செங்குத்து அச்சு. அடியில் வாரங்களின் பெயரை எழுதினால் அது கிடைமட்ட அச்சு. மேலே ஒரு தலைப்பு. இவ்வளவுதான் உறுப்புகள்.

உறுப்புகளைக் கற்றபின் ஒரு சிறு குறும்பு செய்து காட்டலாம். ஒரு பிள்ளை முதல் மாதம் 40 நாணயங்களும் இரண்டாம் மாதம் 44 நாணயங்களும் சேமித்ததாகக் கொள்வோம். செங்குத்து அச்சைச் சுழியத்தில் தொடங்கி வரைந்தால் இரண்டு பட்டைகளும் ஏறத்தாழ ஒரே உயரத்தில் நிற்கும். அதே அச்சை 38இல் தொடங்கி வரைந்தால், முதல் பட்டை 2 கட்டம், இரண்டாம் பட்டை 6 கட்டம். சேமிப்பு மூன்று மடங்காகிவிட்டதுபோல் தெரியும். உண்மையில் கூடியது பத்தில் ஒரு பங்கே. எண் மாறவில்லை, தாள் மாறவில்லை, பொய் எதுவும் எழுதப்படவில்லை. ஆயினும் படம் ஏமாற்றுகிறது. பட்டை விளக்கப்படத்தில் மதிப்பைச் சுமப்பது பட்டையின் நீளம் என்பதால், அதன் அடிப்பகுதியை வெட்டினால் மதிப்பையே வெட்டியதாகிவிடும். பிள்ளைகள் இந்தக் குறும்பை மிகவும் ரசிப்பார்கள் என்பதோடு, அன்று முதல் எந்தப் படத்தைப் பார்த்தாலும் அடியில் இருக்கும் எண்ணைத் தேடும் பழக்கமும் அவர்களுக்கு வரும்.

இனி, இந்தப் பாடத்திலேயே மிகவும் வளமான இடத்துக்கு வருவோம். ஒரு பிள்ளை முதல் வாரம் 8, இரண்டாம் வாரம் 6, மூன்றாம் வாரம் 4, நான்காம் வாரம் 2 நாணயங்களைச் சேமிக்கிறது. வாரச் சேமிப்பைப் பட்டைகளாக வரைந்தால் அவை படிக்கட்டில் இறங்குவதுபோல் இறங்கும். ஆனால் உண்டியலின் இருப்பு 8, 14, 18, 20 என்று ஏறிக்கொண்டே போகும். இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பணம் கூடுகிறதா குறைகிறதா என்று கேட்டால் வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிடும். இரண்டு தரப்பும் சரியே. தொட்டியில் விழும் நீரின் வேகம் குறைந்தாலும் தொட்டியின் நீர்மட்டம் உயரத்தான் செய்யும். சேமிப்பு என்பது விழும் நீர், இருப்பு என்பது நீர்மட்டம். குழாயை மூடிவிட்டால் மட்டம் அப்படியே நிற்கும். அடியில் ஓட்டை விழுந்தால்தான் இறங்கும். அந்த ஓட்டைதான் செலவு. வளர்ந்தவர்களே, அரசின் பற்றாக்குறை (ஓராண்டில் வரவை மிஞ்சிய செலவு) குறைந்தது என்ற செய்தியை, சேர்ந்து நிற்கும் மொத்தக் கடன் குறைந்தது என்று படித்து ஏமாறுவதுண்டு. அந்தக் குழப்பத்தின் வேர் இந்த இரண்டு படங்களுக்கு இடையே இருக்கிறது. நான்கே எண்களைக் கொண்டு எட்டு வயதில் அதைத் தீர்த்துவைக்க முடியுமென்றால், அதற்காக இரண்டு வகுப்பு நேரத்தைச் செலவிடுவதில் தவறில்லை.

இருப்பைக் காட்டக் கோட்டு வரைபடம் பொருத்தமானது. அதில் ஓர் இலக்கையும் சேர்த்துவிட்டால் படம் கதை சொல்லத் தொடங்கும். இலக்கு 60 நாணயங்கள். வாரம் 5 நாணயங்கள் சேமிப்பு என்றால் 12 வாரங்களில் எட்டலாம். தாளின் மேற்புறம் 60இல் கிடைமட்டமாக ஒரு கோடு. கீழிருந்து வாரம் வாரமாக ஏறும் இன்னொரு கோடு. நான்காம் வார முடிவில் இருப்பு 20. ஐந்தாம் வாரம் வழக்கம்போல் 5 நாணயங்களைப் போட்ட பிள்ளை, கண்ணில் பட்ட ஒரு பொருளுக்காக 13 நாணயங்களை எடுத்துச் செலவிடுகிறது. இருப்பு 12ஆக இறங்குகிறது. இன்னும் 48 வேண்டும். வாரம் 5 வீதம் மேலும் 10 வாரங்கள். ஆக, இலக்கு 12ஆம் வாரத்திலிருந்து 15ஆம் வாரத்துக்குத் தள்ளிப்போய்விட்டது. அந்தப் பொருளின் விலை 13 நாணயங்கள் என்பது ஒரு விடை. மூன்று வாரக் காத்திருப்பு என்பது இன்னொரு விடை. ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது மற்றொன்று கைநழுவுகிறது என்பதைப் பொருளியல் எப்படியெல்லாமோ விளக்குகிறது. பிள்ளைக்கு அது தாளில் உடைந்து இறங்கி மீண்டும் ஏறும் கோடாகத் தெரிந்தால் போதும். அந்தச் செலவு தவறு என்று சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. மூன்று வாரம் கொடுத்தது தகும் என்று பிள்ளை நினைத்தால், அது கணக்குப் பார்த்து எடுத்த முடிவு.

படத்தை வரைந்தால் மட்டும் போதாது. அதைப் பற்றிக் கேட்கும் கேள்விகள்தான் வாசிப்பை வளர்க்கின்றன. பிள்ளைகள் வரைபடங்களைப் புரிந்துகொள்ளும் விதத்தை ஆராய்ந்த பிரான்சஸ் குர்சியோ, 1987இல் வெளியான தம் ஆய்வில் மூன்று நிலைகளைப் பிரித்துக் காட்டினார். படத்தில் இருப்பதை அப்படியே எடுத்துச் சொல்வது முதல் நிலை: மூன்றாம் வாரத்தில் இருப்பு எவ்வளவு? படத்தில் உள்ளவற்றை ஒன்றோடொன்று ஒப்பிடுவது இரண்டாம் நிலை: முதல் வாரத்தைவிட நான்காம் வாரத்தில் எவ்வளவு அதிகம்? படத்தில் இல்லாததை அதைக் கொண்டே ஊகிப்பது மூன்றாம் நிலை: இப்படியே போனால் எட்டாம் வாரத்தில் எவ்வளவு இருக்கும்? வகுப்பறைகளில் பெரும்பாலும் முதல் வகைக் கேள்வியோடு நிறுத்திவிடுகிறோம், ஏனென்றால் அதைத் திருத்துவது எளிது. மூன்றாம் வகைக் கேள்விக்கு ‘இப்படியே போகாது, ஆறாம் வாரம் என் தம்பிக்குப் பிறந்தநாள்’ என்று ஒரு பிள்ளை பதில் சொன்னால், அந்தப் பிள்ளை கணிப்பின் வரம்பைக் கற்றுவிட்டது என்று பொருள்.

காத்திருத்தல் பற்றி இங்கே ஒரு சொல். சேமிப்பு என்றாலே பிள்ளையின் மனக்கட்டுப்பாடு என்று பேசுவது வழக்கம். அமெரிக்காவின் ரோசெஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட சிறிய ஆய்வொன்று வேறு பக்கத்தைக் காட்டியது. மூன்று முதல் ஐந்து வயது வரையுள்ள 28 குழந்தைகளிடம், ஓவியம் தீட்ட இன்னும் நல்ல பொருள்களைக் கொண்டுவருவதாக ஒரு பெரியவர் வாக்களித்தார். பாதிப் பேருக்கு வாக்கைக் காப்பாற்றினார். மீதிப் பேரிடம் வெறுங்கையோடு திரும்பி வந்து மன்னிப்புக் கேட்டார். அதன்பின் ஓர் இனிப்பைக் கொடுத்து, தின்னாமல் காத்திருந்தால் இரண்டாவது கிடைக்கும் என்றபோது, வாக்குக் காக்கப்பட்ட குழந்தைகள் சராசரியாக 12 நிமிடங்கள் காத்திருந்தார்கள்; ஏமாந்த குழந்தைகள் 3 நிமிடங்களே காத்திருந்தார்கள். ஆகவே ‘சிறுதுளி பெருவெள்ளம்’ என்று பிள்ளைக்குச் சொல்வதற்கு முன், உண்டியலில் விழுந்த துளி அங்கேயே இருக்கும் என்ற உறுதியைப் பெரியவர்கள் தர வேண்டும். அவசரத்துக்கு உண்டியலில் கை வைக்க நேர்ந்தால், பிள்ளையிடம் சொல்லி, அதன் குறிப்பேட்டிலேயே கடன் என்று எழுதி, சொன்ன நாளில் திருப்பித் தரலாம். கடன் என்ற கருத்துக்கு அதைவிடத் தெளிவான அறிமுகம் கிடைப்பது அரிது.

கடன் வந்தால் வட்டியும் வரும். பத்து வயதை ஒட்டிய பிள்ளைகளுக்கு இதைப் படத்தாலேயே காட்டலாம், சூத்திரம் வேண்டாம். கணக்குக்கு எளிதாக, 100 நாணயங்களுக்கு ஆண்டுக்குப் பத்தில் ஒரு பங்கு வட்டி என்று வைத்துக்கொள்வோம். வட்டி எப்போதும் முதல் நூறுக்கு மட்டும் என்றால் 110, 120, 130 என்று ஏறிப் பத்தாம் ஆண்டில் 200 ஆகும்; புள்ளிகளை இணைத்தால் நேர்கோடு. வட்டிக்கும் வட்டி உண்டு என்றால் 110, 121, 133 என்று ஏறிப் பத்தாம் ஆண்டில் ஏறத்தாழ 259 ஆகும். புள்ளிகளை இணைத்தால் கோடு மேல்நோக்கி வளையும். முதல் மூன்று ஆண்டுகளில் இரண்டு கோடுகளையும் பிரித்துப் பார்ப்பதே கடினம் என்பதைப் பிள்ளைகள் கவனிக்க வேண்டும். வளைவின் வலிமை பின்னால்தான் தெரிகிறது. அதே படத்தின் தலைப்பில் சேமிப்பு என்பதை அடித்துவிட்டுக் கடன் என்று எழுதினால், ஒரு கோடும் மாறாமல் பொருள் தலைகீழாகிவிடும்.

ஒரு முழு வட்டத்தைத் துண்டுகளாக வெட்டிப் பங்குகளைக் காட்டும் வட்ட விளக்கப்படத்தைக் கடைசியில் வைப்பது என் பரிந்துரை. பிளேஃபேரும் அதை முதல் நூலுக்குப் பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1801இல்தான் வெளியிட்டார். வரவில் எத்தனை பங்கு செலவு, எத்தனை பங்கு சேமிப்பு என்று காட்ட அது உதவும்; ஆனால் அரை, கால், பத்தில் ஒன்று ஆகியவை கைவந்த பிறகே அதைத் தொட வேண்டும். தவிரவும், இரண்டு பிள்ளைகளின் வட்டங்களைப் பக்கத்தில் வைத்தால் யாரிடம் பணம் அதிகம் என்பது தெரியாது. பங்கு மட்டுமே தெரியும்.

எஞ்சியிருப்பது ஒரு நடைமுறைச் சிக்கல். எல்லா வகுப்பிலும் வரும். ஏதாவது ஒரு வாரம் யாராவது ஒரு பிள்ளை குறிப்பேட்டை எழுத மறந்திருக்கும். வரைபடத்தில் அந்த வாரத்துக்குச் சுழியம் போடலாமா என்று கேட்கும். சுழியம் என்றால் ‘பார்த்தேன், எதுவும் சேரவில்லை’ என்று பொருள். வெற்றிடம் என்றால் ‘எனக்குத் தெரியாது’ என்று பொருள். இரண்டும் ஒன்றன்று என்பதை அந்த இடத்தில் நின்று விளக்கலாம். பிளேஃபேருக்கே இந்த நெருக்கடி வந்தது: ஸ்காட்லாந்தின் ஏற்றுமதி, இறக்குமதி பற்றி அவருக்கு ஓராண்டுக் கணக்கு மட்டுமே கிடைத்தது. முன்பின் ஆண்டுகள் இல்லாமல் கோடு இழுக்க முடியாது; இல்லாத எண்களை இட்டு நிரப்பவும் அவர் முனையவில்லை. ஆகவே ஒவ்வொரு நாட்டுடனான வணிகத்துக்கும் தனித்தனிப் பட்டைகளாக வரைந்தார். அவரது 1786ஆம் ஆண்டு நூலில் இடம்பெற்ற பட்டை விளக்கப்படம் அது ஒன்றே. குறிப்பேட்டில் ஒரு வாரம் விட்டுப்போன பிள்ளையும் அந்த இடத்தைக் காலியாக விட்டு, அடுத்த வாரப் பட்டையை அதற்குரிய இடத்தில் வரைந்துகொள்ளலாம்.